குதிரைப்படை வேடத்துக்கு எந்தத் துப்பாக்கி, எந்த உறை? (கவ்பாய் ஆக்‌ஷன் போட்டி)

மஞ்சள்கோடு | டல்லஸ் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். கவ்பாய் ஆக்‌ஷன் போட்டிகளை, அதாவது பழைய அமெரிக்க மேற்கின் துப்பாக்கிகளோடு நேரம் பார்த்து இலக்குகளைச் சுடும் போட்டிகளை, ரொம்ப நாளாக வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். க்ரீன் கார்டு வந்தாயிற்று, வீட்டில் சம்மதமும் வந்தாயிற்று (முதலாவதை விட இரண்டாவதுதான் தாமதம்). சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியில், அதாவது ஸாஸில், சேரப் போகிறேன். அங்கே புனைபெயரும் பழைய காலத்து உடையும் கட்டாயம். சின்ன வயதில் காமிக்ஸில் பார்த்த நீலச்சட்டை சிப்பாய்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் குதிரைப்படை வேடம்தான்.

நான் நினைத்து வைத்திருப்பது: 1876, ஏழாவது குதிரைப்படை, சாதாரண சிப்பாய். உபெர்ட்டி கம்பெனியின் 1873 கோல்ட் ரிவால்வர் நகல் இரண்டு, ஐந்தரை அங்குலக் குழல், யுஎஸ் முத்திரையோடு, நிக்கல் பூச்சில். இடுப்பிலிருந்து தாழத் தொங்கும் இரட்டை உறை பெல்ட். 45 கோல்ட் காலிபரில் (தோட்டா அளவில்) வின்செஸ்டர் 1873 ரைஃபிள். ஒரு இரட்டைக்குழல் ஷாட்கன். கழுத்தில் மஞ்சள் துணி. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இங்கே போடுகிறேன்.

கருமருந்து

தம்பி, பணம் கட்டாமல் கேட்டீர்களே, அதுவே பெரிய லாபம். உங்கள் பட்டியலில் 1876-ஆம் வருடச் சிப்பாயிடம் இருந்திருக்கக்கூடியது நீலச்சட்டை மட்டும்தான்.

ஐந்தரை அங்குலக் குழலை எடுத்துக்கொள்வோம். யுஎஸ் முத்திரையோடு வரும் அந்த நீளத்தை ஆர்ட்டிலரி மாடல் என்பார்கள். 1895-க்குப் பிறகு ராணுவம் பழைய ரிவால்வர்களைத் திரும்ப வாங்கி, குழலை வெட்டி, பாகங்களைக் கலந்து மறுபடி சேர்த்துக் கொடுத்தவை அவை. அப்போது எல்லைப்புறச் சண்டைகளே முடிந்துவிட்டன. 1873-இல் 8,000 ரிவால்வருக்கு ஒப்பந்தம் போட்டபோது குழல் ஏழரை அங்குலம். இரும்பு நீலக் கருப்பு, சட்டகம் மட்டும் பல நிறம் ஓடும் கேஸ் ஹார்டனிங், பிடி ஒரே துண்டு வால்நட் மரம். சிப்பாய்க்கு நிக்கல் பூச்சு கிடையவே கிடையாது. நகல் வாங்கும்போது சட்டகத்தின் முன்பக்கம் பாருங்கள். சிலிண்டர் ஊசியைப் பிடிக்கும் திருகு முன்னாலிருந்து சாய்வாக ஏறினால் அது கருமருந்துக் காலத்துச் சட்டகம். பக்கவாட்டில் அழுத்தும் குமிழ் இருந்தால் அது 1890-களின் மாற்றம்.

அடுத்தது வின்செஸ்டர். அமெரிக்கக் குதிரைப்படை அதைச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததே இல்லை. கஸ்டர் செத்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில், 1876 ஜூன் 25 அன்று, ஏழாவது படையிடம் இருந்தது ஸ்பிரிங்ஃபீல்ட் 1873 கார்பைன், அதாவது குதிரைக்காரனுக்கான குட்டை ரைஃபிள். ஒரு தோட்டா போட்டு, சுட்டு, மூடியைத் திறந்து, இன்னொன்று போட வேண்டும். ஆளுக்குக் கார்பைன் தோட்டா 100, ரிவால்வர் தோட்டா 24. ஹென்றி ரைஃபிளும் வின்செஸ்டரும் எதிர்த்தரப்பில், லகோட்டா, ஷையேன் பூர்வகுடி வீரர்கள் கையில்தான் இருந்தன. 1983-இல் அங்கே புல் தீப்பிடித்துத் தரை வெளுத்த பிறகு தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்த தோட்டாக் கூடுகள் இதை நன்றாகவே காட்டின. அதாவது உங்கள் வேடத்தின்படி நீங்கள் எதிரியின் துப்பாக்கியோடு வந்து நிற்கிறீர்கள்.

இன்னொன்று: 45 கோல்ட் காலிபரில் வின்செஸ்டர் அந்த நூற்றாண்டில் வரவே இல்லை. பழைய 45 கூட்டின் விளிம்பு மிகச் சின்னது, ரிவால்வரில் தள்ளி எடுக்கலாம், ரைஃபிளின் கொக்கி பிடித்து இழுக்காது. ரிவால்வரும் ரைஃபிளும் ஒரே தோட்டா தின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் 44-40 காலிபர் கோல்ட் வாங்கினார்கள், அதுவும் 1870-களின் கடைசியில்தான்.

மஞ்சள் கழுத்துத் துணி சினிமா கொடுத்தது. ராணுவக் கிடங்கில் அப்படி ஒன்று இல்லை. கால்சட்டையில் மஞ்சள் பட்டைகூட கார்ப்பரலிலிருந்துதான் தொடக்கம், சிப்பாய்க்குக் கிடையாது. உங்கள் பெயரைப் பார்த்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை :)

உறையைப் பற்றித் தோல்வேலை அண்ணன் வந்து திட்டுவார்.

தோல்வேலை

திட்ட மாட்டேன், ஆனால் தாழத் தொங்கும் அந்த இரட்டை உறையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பெல்ட்டில் துளை போட்டு அதற்குள் உறையைத் தொங்கவிடும் பஸ்கடேரோ வடிவம் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. திரைப்படத்துக்காகப் பெருகியது. 1876-இல் அப்படிக் கட்டிக்கொண்டு குதிரை ஏறினால் முதல் பாய்ச்சலிலேயே ரிவால்வர் புல்வெளியில் கிடக்கும்.

ராணுவ உறை அடிப்படையில் ஒன்றுதான்: வலது இடுப்பில், உயரமாக, பிடி முன்னோக்கி, மேலே முழு மடல் மூடி, கருப்புத் தோல். அதற்குள் நான்கு கட்டங்கள் உண்டு.

முதலாவது உள்நாட்டுப் போர்க் காலத்து உறை. 1860 கோல்ட் ஆர்மி, ரெமிங்டன் ரிவால்வர்களுக்குத் தைத்தது. போர் முடிந்தபோது கிடங்கு கிடங்காக மிஞ்சிக் கிடந்ததால் 1870-களிலும் இதையே கொடுத்தார்கள். 1873 கோல்ட் வந்த பிறகும் புது உறை உடனே வரவில்லை, பழையதை மாற்றித் தைத்து ஓட்டினார்கள். இரண்டாவது 1875-இன் ஹாஃப்மன் சுழல் உறை. பித்தளைச் சுழலியில் தொங்கும், உட்கார்ந்தால் உறை தானாகத் திரும்பிக்கொள்ளும். யோசனை நல்லது, நடக்கும்போது காலில் அடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது அதைக் கைவிட்டு 1879-இல் வந்த இடைக்கால வடிவம், அதை விட்டுவிடலாம். நான்காவது 1881 மாடல். கோல்ட், ஸ்கோஃபீல்ட் ரிவால்வர்கள் இரண்டும் உள்ளே போகிற மாதிரி வடிவமைத்தது, மடலில் முட்டை வடிவ வளையத்துக்குள் யுஎஸ் முத்திரை. கடையில் 'குதிரைப்படை உறை' என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் இந்தக் கடைசி ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 1876 வேடத்துக்கு அது ஆகாது.

பழுப்புத் தோல் வேண்டவே வேண்டாம். ராணுவம் பழுப்புக்கு மாறியது 1900-க்குப் பிறகு. பதனிடுவதில் மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோலாகக் கேளுங்கள். குரோம் போட்டுப் பதனிட்டது மழைக்காலத்தில் ரிவால்வர் மேல் துருவை ஏற்றிவிடும். கருப்புக்கு நான் சாயம் போடுவதில்லை. வினிகரில் இரும்புத்தூளை ஊறவைத்துத் தடவினால் தோலில் இருக்கும் டானினோடு சேர்ந்து உள்வரை கருக்கும், கையில் ஒட்டாது.

வைகைக்கரை | மதுரை

எனக்குத் துப்பாக்கியும் இல்லை, போட்டியும் இல்லை. படிக்கச் சுவாரசியமாக இருக்கிறது, ஒரு சந்தேகம். வலது இடுப்பில் மாட்டிவிட்டுப் பிடியை ஏன் முன்னோக்கி வைத்தார்கள்? வலது கையால் எடுக்கச் சிரமமில்லையா?

தோல்வேலை

நல்ல கேள்வி தம்பி. இடது இடுப்பில் வாள் தொங்கும். வலது கை வாளுக்கு, இடது கை ரிவால்வருக்கு என்பது பழைய கணக்கு. வயிற்றுக்குக் குறுக்கே இடது கையை நீட்டினால் பிடி தயாராக இருக்கும். வலது கையாலும் எடுக்கலாம், மணிக்கட்டை உள்ளே திருப்பிப் பிடித்து இழுக்க வேண்டும். குதிரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு நீளக் குழலை மேலே இழுக்க இதுதான் வசதியும்கூட. பிறகு வாள் பயன்பாடு குறைந்தது, லிட்டில் பிக்ஹார்னுக்குப் போனபோது ஏழாவது படை வாள்களை வழியிலேயே விட்டுவிட்டுத்தான் போனது. உறை மட்டும் பழைய திசையிலேயே நின்றுவிட்டது.

மஞ்சள்கோடு

கருமருந்து அண்ணே, தோல்வேலை அண்ணே, ரொம்ப நன்றி. ஆனால் ஒரு முட்டுக்கட்டை. ஸாஸ் முதன்மைச் சுற்றில் ரிவால்வர் இரண்டு வேண்டும், ரைஃபிள் லீவர் ஆக்‌ஷனாகவோ பம்ப் ஆக்‌ஷனாகவோ இருக்க வேண்டும், ஷாட்கன் வேண்டும். சரித்திரப்படி போனால் எனக்கு ஒரு ரிவால்வர், ஒற்றைத் தோட்டாக் கார்பைன், ஷாட்கன் இல்லை. அப்புறம் எப்படிப் போட்டியில் நிற்பது?

டூயலிஸ்ட் அக்கா | அரிசோனா

அதைத்தான் கேட்க வந்தேன். இந்த அண்ணன்மார் இருவரும் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்கள் போகப் போவது மைதானத்துக்கு. நான் வருடக்கணக்காக அங்கே டைமர் பிடிக்கிறவள், அந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

பிடி முன்னோக்கிய உறையில் முதல் பிரச்சினை 170 டிகிரி விதி. குழல் எப்போதும் இலக்குப் பக்கமாக 170 டிகிரி வளைவுக்குள் இருக்க வேண்டும். வயிற்றுக்குக் குறுக்கே இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் வீசும். உடம்பைத் திருப்பி நின்று எடுக்கப் பழகாவிட்டால் அந்தச் சுற்றே தகுதியிழப்பு. மணிக்கட்டைத் திருப்பி எடுக்கும் குதிரைப்படை இழுப்பைச் சில கிளப்புகள் முகம் சுளித்துத்தான் பார்க்கும். வாங்குமுன் உங்கள் கிளப்பின் பாதுகாப்பு அதிகாரியிடம் உறையைக் காட்டிக் கேளுங்கள். உறை செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது, இரண்டு உறையும் தொப்புளுக்கு இரு பக்கமும் இடைவெளி விட்டு இருக்க வேண்டும்.

இரண்டாவது மடல். சுற்று முடிந்து ரிவால்வரை உறையில் திரும்ப வைக்கும்போது மடல் உள்ளே மடிந்து மாட்டிக்கொள்ளும். பார்க்காமல் வைக்க முடியாது, பார்த்தால் நேரம் போகும். மடலைப் பின்னால் மடக்கிப் பெல்ட்டுக்குள் செருகிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மைச் சிப்பாய்களில் பலர் எல்லைப்புறத்தில் மடலை வெட்டியே எறிந்தார்கள், அதனால் வெட்டிய உறை சரித்திரத்துக்கும் விரோதமில்லை.

சுடும் முறையில் மட்டும் குதிரைப்படை வேடத்துக்கு ஸாஸ் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. டூயலிஸ்ட் பிரிவில் ஒரு கையால் மட்டும் சுட வேண்டும், மறு கை தொடக்கூடாது. குதிரைக்காரனின் இன்னொரு கை கடிவாளத்தில் இருக்குமே, அதே நிலைதான். இரண்டு கையால் பிடித்துச் சுடும் நீலச்சட்டைக்காரரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சரித்திரம்தான் முக்கியம் என்றால் நேஷனல் காங்கிரஸ் ஆஃப் ஓல்ட் வெஸ்ட் ஷூட்டிஸ்ட்ஸ் என்று தனி அமைப்பு இருக்கிறது. அங்கே உடையும் உறையும் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று நிஜமாகவே பார்ப்பார்கள். பஸ்கடேரோ அங்கே வாசல் தாண்டாது.

கருமருந்து

அக்கா சொல்வது சரி, ஆனால் இந்தச் சிக்கலுக்குச் சமரசம் தேவையில்லை. பதவியை மாற்றினால் போதும். சிப்பாய் கொடுத்ததைத்தான் தூக்க வேண்டும். அதிகாரி சொந்தக் காசில் என்ன வேண்டுமானாலும் வாங்கலாம். 1878-ஆம் வருட லெப்டினன்ட் என்று வைத்துக்கொண்டால் 44-40 கோல்ட், அதே தோட்டா தின்னும் வின்செஸ்டர் 1873, வேட்டைக்கு ஒரு இரட்டைக்குழல், எல்லாம் பொருந்தும். நிக்கல் பூச்சுகூடப் போட்டுக்கொள்ளலாம்.

ஃபோர்ட் ரிச்சர்ட்சன்

அதிகாரி என்றால் கால்சட்டையில் ஒன்றரை அங்குல மஞ்சள் பட்டையும் உண்டு, நம்ம தம்பி பெயருக்கும் நியாயம் கிடைக்கும். ஆனாலும் எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. குதிரைப்படை வேடம் போடும் எல்லோரும் அதிகாரியாகத்தான் வருகிறார்கள், மைதானத்தில் பத்துக் கர்னல்கள் நிற்பார்கள், ஒரு சிப்பாய் இருக்க மாட்டார்.

பதவியை விடுங்கள், வருடத்தை மாற்றிப் பாருங்கள். எல்லோரும் 1876-இலேயே போய் உட்காருகிறோம், கஸ்டர் அங்கே செத்தார் என்பதற்காக. 1873-க்கு முன்னால் குதிரைப்படை கையில் இருந்தது என்ன? ஸ்பென்சர் கார்பைன். லீவர் போட்டு இயக்குவது, பின்கட்டைக்குள் ஏழு தோட்டாக் குழாய். 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரைத் தாக்குதலில் ஏழாவது படையிடம் ஸ்பென்சர்தான். அதே வருடம் செப்டம்பரில் பீச்சர் தீவில் ஃபோர்சைத் தலைமையில் மாட்டிக்கொண்ட 50 சாரணர்களும் ஸ்பென்சரை வைத்துத்தான் தாக்குப்பிடித்தார்கள். அவர்களை மீட்க முதலில் வந்து சேர்ந்தது பத்தாவது குதிரைப்படையின் கறுப்பினச் சிப்பாய்கள்.

அதாவது சாதாரணச் சிப்பாய்க்கே அரசாங்கம் லீவர் துப்பாக்கி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பிறகு 1873-இல் அதை வாங்கிக்கொண்டு ஒற்றைத் தோட்டாவைக் கொடுத்தார்கள். தோட்டா வீணாகிறது என்ற கவலையும், ஸ்பென்சரை விட ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைனின் 45-55 தோட்டா தூரம் போகும் என்ற கணக்கும் காரணம்.

டூயலிஸ்ட் அக்கா

ஸ்பென்சர் அழகுதான், ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள் அண்ணா. வின்செஸ்டரில் லீவரை இழுத்தால் சுத்தியும் தானாக ஏறும். ஸ்பென்சரில் லீவர் தனி, சுத்தியைக் கட்டைவிரலால் ஏற்றுவது தனி. நம் போட்டிகளில் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் பத்துத் தோட்டா. குழாயில் ஏழு. மிச்சம் மூன்றைச் சுற்றின் நடுவே ஒவ்வொன்றாகப் போட வேண்டும். போடாமல் விட்டால் சுடாத ஒவ்வொரு தோட்டாவும் ஒரு தவறல், ஒரு தவறலுக்கு 5 வினாடி. அதோடு 1868 என்றால் ரிவால்வர் கேப் (சுத்தி பட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடும் ரகம். புதிதாக வருபவர் முதல் வருடமே கருமருந்து, கேப், உருண்டை, மேலே கொழுப்பு என்று இறங்கினால் சுடுவதை விடத் துடைப்பதுதான் அதிகம் நடக்கும். கோல்ட் 1860-இல் வெடித்த கேப் துண்டுகள் சுத்திக்கடியில் விழுந்து இயக்கத்தையே பூட்டிவிடும். பாதிச் சுற்றில் கையைத் தூக்கி நிற்பீர்கள்.

கருமருந்து

கேப் துண்டு விழுவதற்கு மருந்து ரெமிங்டன். மேலே பாலம் உள்ள சட்டகம், சிலிண்டரும் நொடியில் கழலும்.

டூயலிஸ்ட் அக்கா

கழலும், மூன்றாவது சிலிண்டருக்குள் புகைக்கரி ஏறி ஊசி இறுகியும் போகும். இருவருமே அதைச் சுட்டுப் பார்த்தவர்கள்தான் அண்ணா :)

ஃபோர்ட் ரிச்சர்ட்சன்

சண்டை வேண்டாம். 1868 வேண்டாமென்றால் 1872 எடுங்கள். யாரும் தொடாத வருடம், ஆனால் இந்தத் தம்பிக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

1871-இல் ராணுவம் 1860 கோல்ட் ரிவால்வர்களில் ஆயிரத்துச் சொச்சத்தை ரிச்சர்ட்ஸ் முறையில் மாற்றியது. சிலிண்டரின் பின்பகுதியை வெட்டி, தகடு வைத்து, உலோகத் தோட்டா போடும்படி செய்தது. எட்டு அங்குலக் குழல் அப்படியே, காலிபர் 44 கோல்ட். கேப் தொல்லை முடிந்தது. ஸ்பென்சர் அப்போதும் பல கம்பெனிகளில் புழக்கத்தில் இருந்தது. ஒருபக்கம் 50-70 தோட்டாவுக்கு மாற்றிய ஷார்ப்ஸ் கார்பைன், இன்னொரு பக்கம் ராணுவம் வாங்கிய 1,000 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நம்பர் 3 ரிவால்வர்கள் என்று எல்லாம் கலந்து கிடந்த காலம். 1873-இல் கோல்டும் ஸ்பிரிங்ஃபீல்டும் வந்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவதற்கு முந்தைய குழப்பம்.

உறையும் தானாகவே சரியாகிவிடும். மாற்றிய 1860-க்குத் தனி உறை தேவைப்படவில்லை, போர்க்கால மிச்சமே போதும். தோல்வேலை சொன்ன முதல் வடிவம்.

ஊரும் பக்கம்தான். டல்லஸிலிருந்து வடமேற்கே ஜாக்ஸ்பரோவில் ஃபோர்ட் ரிச்சர்ட்சன் இருக்கிறது, 1867-இல் கட்டியது, இப்போது மாநிலப் பூங்கா. கர்னல் மெக்கன்ஸியின் நான்காவது குதிரைப்படை அங்கிருந்துதான் புறப்பட்டது. 1872 செப்டம்பரில் ரெட் ஆற்றின் வடகிளையில் கமாஞ்சே பூர்வகுடியினரோடு நடந்த சண்டை அந்தப் படையுடையது. மருத்துவமனைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள்.

வைகைக்கரை | மதுரை

இடையில் குறுக்கிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வாஷிட்டாவில் நடந்தது விடியற்காலையில் தூங்கிக்கொண்டிருந்த ஷையேன் கிராமத்தின் மேல் தாக்குதல் அல்லவா? சமாதானம் பேசிய தலைவர் பிளாக் கெட்டில் மனைவியோடு அங்கேதான் கொல்லப்பட்டார். அந்தப் படையின் சட்டையை ஆசையாகப் போட்டுக்கொள்வது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

ஃபோர்ட் ரிச்சர்ட்சன்

உறுத்துவது நியாயம். ரெட் ஆற்றுச் சண்டையிலும் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள், அதையும் நான் சொல்லாமல் விட்டிருக்கக்கூடாது. என்னைப் பொறுத்தவரை துப்பாக்கியின் திருகு எந்தப் பக்கம் என்பது வரை சரியாக இருக்க வேண்டும் என்று பேசுபவர்கள், அந்தத் துப்பாக்கி யார் மேல் சுட்டது என்பதையும் அதே கறாரோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். முகாமில் குழந்தைகள் வந்து கேட்டால் நான் இரண்டையும் சொல்வேன். வேடமே போடக்கூடாது என்று நீங்கள் சொன்னால் அதை மறுத்துப் பேச மாட்டேன், ஆனால் நான் போடுகிறேன்.

டூயலிஸ்ட் அக்கா

என் வேடம் சலவைக்காரி. கம்பெனிக்கு நான்கு சலவைக்காரிகளை ராணுவமே 1878 வரை ரேஷன் கொடுத்து வைத்திருந்தது. அந்தச் சட்டைகளைத் துவைத்தவள், போட்டவள் இல்லை. இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

மஞ்சள்கோடு

வைகைக்கரை சார், யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஏழாவது படையை விட்டுவிடுகிறேன். 1872 மனதில் ஒட்டிக்கொண்டது. கேள்விகள்: ரிச்சர்ட்ஸ் நகல் கிடைக்குமா, எந்தக் காலிபர்? ஸ்பென்சர் எதில் எடுப்பது? ஸ்கோஃபீல்ட் மேல் எனக்கு ஒரு கண், அது இந்த வருடத்தில் வராது என்று தெரியும், இருந்தாலும் சொல்லுங்கள். தோட்டாவை எதில் சுமப்பது?

கருமருந்து

ரிச்சர்ட்ஸ் வகை நகல் உபெர்ட்டி செய்கிறது. சரித்திரத்துக்கு 44 கோல்ட். 45-இலும் வரும். ஸ்பென்சர் நகல் இத்தாலியிலேயே கியாப்பா செய்கிறது, 56-50, 44-40, 45 கோல்ட் மூன்றிலும் வந்திருக்கிறது. 56-50 தான் அசல், ஆனால் கூடு கிடைப்பது அரிது, விலையும் கடிக்கும். போட்டிக்கு ரிவால்வரில் ஓடும் காலிபரே வசதி. ரிவால்வர் இரண்டும் ஸ்பென்சரும் 45-இல் எடுத்தால் ஒரே தோட்டா. இது சரித்திரம் இல்லைதான், ஆனால் கூட்டின் அடியை உற்றுப் பார்த்தால்தான் தெரியும், வெளியே தெரியாது. எங்கே விட்டுக்கொடுப்பது என்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட்டுக்கொடுங்கள். குழல் நீளம், பூச்சு, உறை, இதெல்லாம் இருபது அடி தூரத்தில் தெரியும்.

ஸ்கோஃபீல்ட் 1875-இல்தான் வந்தது. பத்தாவது படையின் மேஜர் ஸ்கோஃபீல்ட் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் தாழ்ப்பாளைச் சட்டகத்துக்கு மாற்றி வடிவமைத்தார். ராணுவம் சுமார் 8,000 வாங்கியது. நடுவில் மடங்கித் திறந்து ஆறு கூடுகளையும் ஒன்றாக வெளியே தள்ளும், குதிரை மேல் இருப்பவனுக்கு வரம். சிக்கல் தோட்டாவில். அதன் தோட்டா கோல்டில் போகும், நீளமான கோல்ட் தோட்டா இதில் போகாது. கடைசியில் ராணுவம் குட்டைத் தோட்டாவையே இரண்டுக்கும் பொதுவாக்கியது. இன்றைய நகல்களில் 45 கோல்ட் போக வேண்டும் என்று சிலிண்டரை நீட்டினார்கள், சட்டகத்தை நீட்டவில்லை. இடம் பற்றாமல் சிலிண்டர் முன்னாலுள்ள வாயுத் தடுப்பு வளையம் குட்டையாகிவிட்டது. புகையில்லா மருந்தில் பிரச்சினை இல்லை, கருமருந்து போட்டால் சீக்கிரம் இறுகும்.

தோல்வேலை

தோட்டா சுமப்பதற்கு. 1872 சிப்பாய்க்குப் பெட்டியும் பையும்தான், தோட்டா வரிசையாகச் செருகிய பெல்ட் அரசாங்கத்திலிருந்து வரவில்லை. ஆனால் எல்லைப்புறத்தில் பலர் தாங்களே தைத்துக்கொண்டார்கள். தோல் வளையத்தில் செருகினால் டானின் பட்டுச் செம்பும் பித்தளையும் பச்சையாகப் பூக்கும், அந்தக் களிம்போடு துப்பாக்கிக்குள் போனால் கூடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அதனால்தான் கித்தான் துணி வளையங்களுக்குப் போனார்கள், 1876-இல் ராணுவமே கித்தான் வளையம் வைத்த பெல்ட்டைக் கொடுத்தது, பிறகு அன்சன் மில்ஸ் என்ற அதிகாரி நெய்தே செய்த பெல்ட் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. உங்களுக்கு நான் சொல்வது: வார்ப்பட்டை ராணுவக் கருப்பு, செவ்வகப் பித்தளைக் கொக்கி, அதில் கித்தான் வளையம் கைத்தையலில். ஷாட்கன் தோட்டா பத்தும் ஒரு சாதாரணத் துணிப்பையில் போகட்டும்.

ஷாட்கன் சரித்திரத்துக்குக் கேட்டால், ராணுவமே 1881-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒற்றைக்குழல் 20 கேஜ் செய்தது, எல்லைப்புற ராணுவ முகாம்களில் வேட்டையாடிச் சாப்பிட. 1872-க்கு அது இல்லை. வெளிச்சுத்தி உள்ள சாதாரண இரட்டைக்குழலை யாரோ கோட்டைக் கடைக்காரரிடம் இரவல் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு முடிந்தது.

இரண்டாவது ரிவால்வருக்கு ராணுவ உறை போடாதீர்கள். சிப்பாய்க்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். இன்னொன்று சொந்தக் காசில் வாங்கியது போல இருக்கட்டும்: இடது இடுப்பில், மடல் இல்லாத, குழலை ஒட்டிய ஒல்லி உறை, கலிஃபோர்னியா பாணி. 1850-களிலிருந்தே இருக்கிறது. அதைப் பழுப்பிலேயே விடலாம், அரசாங்கச் சரக்கு இல்லையே.

டூயலிஸ்ட் அக்கா

இது எனக்கும் சம்மதம். இடது உறையின் பிடி பின்னோக்கி இருக்கட்டும், இடது கையால் நேராக எடுக்கலாம், 170 தொல்லை பாதியாகக் குறையும். ஆறில் ஐந்துதான் போட வேண்டும், சுத்தி வெற்று அறையின் மேல். இது விதி மட்டுமில்லை, அந்தக் காலத்து ரிவால்வருக்கு வேறு பாதுகாப்பே கிடையாது. தோட்டா ஈயக் குண்டாக இருக்கட்டும், ரிவால்வரில் வேகம் வினாடிக்கு 1,000 அடிக்குள். உறைகள் வந்ததும் வெற்றுத் துப்பாக்கியோடு வீட்டில் எடுத்து வைத்துப் பழகுங்கள், கண்ணாடி முன்னால் வேண்டாம், சுவர் பார்த்து. விசாவில் இருக்கும் நண்பர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால், துப்பாக்கி வாங்கும் சட்டம் உங்களுக்கு வேறு, முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மஞ்சள்கோடு

சரி, முடிவு செய்துவிட்டேன். 1872, நான்காவது குதிரைப்படை, கார்ப்பரல். அரை அங்குலப் பட்டை வருமே, பெயரை மாற்ற வேண்டியதில்லை. ரிச்சர்ட்ஸ் இரண்டு, ஸ்பென்சர், எல்லாம் 45. டூயலிஸ்ட் பிரிவு. தோல்வேலை அண்ணே, உறை இரண்டும் பெல்ட்டும் உங்களிடமே கேட்கலாமா?

தோல்வேலை

கேளுங்கள். ரிவால்வர் கைக்கு வந்த பிறகு குழல் நீளத்தையும், சிலிண்டர் இருக்கும் இடத்தில் சுற்றளவையும் அனுப்புங்கள். நகலுக்கு நகல் கொஞ்சம் மாறும், படத்தைப் பார்த்துத் தைக்க மாட்டேன். இடுப்பு அளவைக் கோட்டுக்கு மேல் எடுங்கள், சட்டைக்கு மேல் எடுத்தால் குளிர்காலத்தில் கொக்கி எட்டாது. இன்னொன்று, வலது உறையின் மடலை வெட்டியே தரட்டுமா, முழுசாக விடட்டுமா?

மஞ்சள்கோடு

முழுசாகவே விடுங்கள் அண்ணே. கிளப்பில் ஒரு சுற்றாவது மடலோடு முயன்று பார்க்கிறேன். முடியாவிட்டால் கத்தரி என்னிடமே இருக்கிறது.